கேமரா சென்சாரின் வாசிப்பு நேரத்தை ஒரு எல்.இ.டி.யை வைத்து அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை ரசிக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த பஸ்ஸையும் வாழைப்பழம் போல வளைந்த மட்டையையும் காட்டி, கேமரா பழுதா என்று கேட்கிறார்கள். பழுதில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் ஒரு மாலை நேரத்தில், சமையல் மேசையில் வைத்தே அளந்துவிடலாம்.

ரோலிங் ஷட்டர் என்றால் என்ன?

சென்சார் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. வயலுக்கு நீர் பாய்ச்சும்போது ஒரு பாத்தி நிறைந்த பிறகு அடுத்த பாத்திக்கு மடை திறப்பது போல, ஒரு வரிசையைப் படித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பெரும்பாலும் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. அதாவது 4000 வரிசைகள். ஒரு வரிசைக்கு 10 மைக்ரோ விநாடி ஆகிறது என்றால், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 40 மில்லி விநாடி ஓடிவிடும். அதற்குள் நகர்ந்த பொருள் படத்தின் மேற்பகுதியில் ஓரிடத்திலும் கீழ்ப்பகுதியில் வேறிடத்திலும் பதியும். இந்த 40 மில்லி விநாடியைத்தான் இங்கே வாசிப்பு நேரம் என்கிறேன்.

ஷட்டர் வேகத்தை 1/8000 வைத்தும் படம் சாய்கிறதே?

சாயத்தான் செய்யும். ஷட்டர் வேகம் என்பது ஒவ்வொரு வரிசையும் ஒளியைப் பார்க்கும் நேரம். வாசிப்பு நேரம் என்பது முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள தாமதம். 1/8000 வைத்தால் ஒவ்வொரு வரிசையும் கூர்மையாக இருக்கும். ஆனால் அந்தக் கூர்மையான வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக 40 மில்லி விநாடிக்குப் பரவியிருக்கும். மெதுவான ஷட்டரில் மங்கலாகத் தெரிந்த சாய்வு, வேகமான ஷட்டரில் கத்தி போலத் தெளிவாகத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டியதும் கோளாறு அதிகமானது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மெக்கானிக்கல் ஷட்டரில் இந்தத் தொல்லை இல்லையா?

உண்டு, குறைவு. சென்சாருக்கு முன்னால் ஓடும் ஷட்டரின் திரைச் சீலையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடத்தான் வேண்டும். இன்றைய கேமராக்களில் அந்த ஓட்டத்துக்குச் சுமார் 3 முதல் 4 மில்லி விநாடி ஆகிறது. 40 மில்லி விநாடியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. அதனால் கண்ணுக்குப் படுவதில்லை.

சீலை மெதுவாக ஓடிய காலத்தில் நன்றாகவே தெரிந்தது. 1910-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஒரு கார் பந்தயத்தை ழாக் ஆன்ரி லார்த்தீக் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாலையோரம் நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவர் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியிருக்கிறார், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடாகத் திருப்பவில்லை. எனவே சீலை ஓடிய நேரத்தில் கார் ஒரு திசையிலும் மனிதர்கள் மறு திசையிலும் நகர்ந்தார்கள். பிற்காலத்தில் கேலிச்சித்திரக்காரர்கள் வேகத்தைக் காட்ட வண்டிகளைச் சாய்த்து வரைந்தது இந்த வகைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்காகத்தான் என்பது என் ஊகம்.

கேமராவின் விவரப் பட்டியலில் இந்த எண் ஏன் இருப்பதில்லை?

விற்பனைக்கு உதவும் எண்ணைத்தான் பட்டியலில் போடுவார்கள். ஆனாலும் சுற்றி வளைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். முழு அகலத்தில் விநாடிக்கு 60 ஃபிரேம் வீடியோ தருகிற கேமரா, அந்த முறையில் ஒரு ஃபிரேமை 16.7 மில்லி விநாடிக்குள் படித்துத்தான் ஆக வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/200 வரை ஃபிளாஷ் அனுமதிக்கிறது என்றால், வாசிப்பு நேரம் 5 மில்லி விநாடிக்குக் கீழே. எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷே வேலை செய்யாது என்று கையேடு சொன்னால், சென்சார் மெதுவானது என்று சந்தேகிக்கலாம். இவை எல்லாம் எல்லைகள்தாம். சரியான எண் வேண்டுமென்றால் அளக்க வேண்டும்.

அளக்க என்னென்ன வேண்டும்?

ஓர் அர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறிய மின்சுற்றுப் பலகை), ஒரு பச்சை எல்.இ.டி., 220 ஓம் மின்தடை ஒன்று, இரண்டு கம்பி. எல்.இ.டி.யின் நீளக் காலை மின்தடை வழியாக 9-ஆம் முனையிலும் குட்டைக் காலை கிரவுண்டிலும் இணைக்க வேண்டும். நிரலில் ஒரே ஒரு வரி: 9-ஆம் முனையில் 500 ஹெர்ட்ஸ் தருமாறு "டோன்" கட்டளை. ஒலிபெருக்கியைக் கூவ வைப்பதற்காக எழுதப்பட்ட கட்டளை அது, எல்.இ.டி.யை விநாடிக்கு 500 முறை அணைத்து ஏற்றவும் உதவுகிறது. ஒரு சுற்றுக்கு 2 மில்லி விநாடி. பாதி நேரம் வெளிச்சம், பாதி நேரம் இருட்டு.

பச்சை எதற்கு? சென்சாரின் வண்ண வடிகட்டிகளில் பாதி பச்சை. அதனால் படம் தெளிவாக வருகிறது. வெள்ளை எல்.இ.டி.யும் போதும், பிடிவாதம் இல்லை.

படத்தை எப்படி எடுப்பது? கணக்கை எப்படிப் போடுவது?

லென்ஸைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க மெனுவில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள், தூசி விழாது. எல்.இ.டி.யை வாய்க்கு நேராக ஒரு சாண் தள்ளி வைத்தால் சென்சார் முழுவதும் ஒளி பரவும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர், 1/4000 அல்லது அதைவிட வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு) 400-லிருந்து 1600-க்குள். அவ்வளவுதான்.

படத்தில் ஏணிப் படிகள் போலக் கிடைமட்டமாக வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறி வரும். முதல்முறை பார்க்கும்போது ஒரு சிறு சிலிர்ப்பு வரும். காலம் என்பதை அங்குலத்தில் பார்க்கிறோம் அல்லவா!

வெளிச்சப் பட்டைகளை மட்டும் எண்ணி 2-ஆல் பெருக்கினாலே தோராய விடை வந்துவிடும். 20 பட்டை என்றால் 40 மில்லி விநாடி. ஆனால் மேலேயும் கீழேயும் அரைகுறைப் பட்டை நிற்கும். அதைக் கால் என்பதா அரை என்பதா என்று குழம்ப வேண்டாம். கணினியில் படத்தைத் திறந்து, ஒரு வெளிச்சப் பட்டையின் மேல் விளிம்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இருபது பட்டை தள்ளி, அதே போன்ற மேல் விளிம்பைக் குறியுங்கள்.

என் பழைய 24 மெகாபிக்சல் கேமராவில் முதல் விளிம்பு 112-ஆம் வரிசையில் இருந்தது. இருபது பட்டை கழித்து 3952-இல். இடையே 3840 வரிசைகள். இருபதால் வகுத்தால் ஒரு பட்டைச் சுற்றுக்கு 192 வரிசை. 2 மில்லி விநாடியை 192-ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கு 10.42 மைக்ரோ விநாடி. மொத்தம் 4000 வரிசை, ஆக 41.7 மில்லி விநாடி, சுமார் 1/24 விநாடி. வாங்கி நாலு வருடம் கழித்து என் கேமராவைப் பற்றி நான் தெரிந்துகொண்ட முதல் உருப்படியான எண் அது.

பட்டையே தெரியவில்லை, படம் முழுவதும் சீரான பச்சையாக வருகிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். கேமரா இன்னும் மெக்கானிக்கல் ஷட்டரில் இருக்கலாம். 500 ஹெர்ட்ஸில் அப்போது ஒன்றிரண்டு பட்டைதான் வரும். ஷட்டர் வேகம் 1/500 ஆக இருக்கலாம்: ஒவ்வொரு வரிசையும் சரியாக ஒரு முழுச் சுற்றைப் பார்ப்பதால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்து, பட்டை மாயமாகிவிடும். 1/250-லும் அப்படியே. அல்லது ஒளி மிகையாகி எல்லாம் வெளுத்திருக்கும், எல்.இ.டி.யைத் தள்ளி வையுங்கள்.

அர்டுயினோ இல்லை. வீட்டு விளக்கை வைத்து அளக்க முடியாதா?

மெதுவான சென்சார் என்றால் முடியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஒரு மினுக்கத்துக்கு 10 மில்லி விநாடி. வெள்ளைச் சுவரை 1/1000-இல் எடுத்தால், என் கேமராவில் நாலு பட்டை வருகிறது, கணக்கு ஒத்துப்போகிறது. மின்கட்டமைப்பின் அதிர்வெண் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இந்தியாவில் அதற்கு வகுத்திருக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ்தான். அதனால் வரும் பிழையைப் பொருட்படுத்தத் தேவையில்லை. உண்மையான பிழை, பட்டையின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் அலை போல மங்கியிருப்பதால் வருகிறது.

எல்லா விளக்கும் உதவாது. நல்ல மின்சுற்று உள்ள எல்.இ.டி. பல்பு மினுங்குவதே இல்லை. சோக் வைத்த பழைய டியூப் லைட் வீட்டில் மிச்சமிருந்தால் அதுதான் இதற்குத் தங்கம். மலிவு விலை எல்.இ.டி. பல்புகளும் தாராளமாக மினுங்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மலிவு பல்பை நான் சிபாரிசு செய்வேன்.

கிடைக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஊனோவில் கடிகாரத் துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகத்துக்குப் பதில் ஒரு பீங்கான் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீத அளவில் இருக்கும். 41.7-இல் அரை சதவீதம் என்பது 0.2 மில்லி விநாடி. விளிம்பைக் குறிப்பதில் ஐந்து வரிசை தவறினாலும் பிழை அதைவிடக் குறைவு. ஆகவே தசம புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை சொல்வது நியாயம். இரண்டு இலக்கம் சொல்பவர் பெருமைக்காகச் சொல்கிறார்.

லென்ஸோடு எடுத்தால், கேமரா தானாகச் செய்யும் வளைவுத் திருத்தம் வரிசைகளை இழுத்துவிடும். அதை அணைத்துவிட வேண்டும். கைபேசிக்கு அனுப்பிய சிறிய பிரதியில் அளக்கவும் கூடாது.

விலையுயர்ந்த கேமராவில் 500 ஹெர்ட்ஸில் இரண்டு பட்டைதான் வருகிறது. என்ன செய்வது?

அதிர்வெண்ணைக் கூட்டுங்கள். இன்று இரண்டு சாதி சென்சார்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். சாதாரண சென்சார் பல பத்து மில்லி விநாடி எடுக்கும். அடுக்குச் சென்சாரில் பிக்சல் தளத்துக்கு அடியிலேயே தற்காலிக நினைவகமும் மின்சுற்றும் ஒட்டியிருப்பதால் படித்ததை உடனே கீழே கொட்டிவிடலாம். முழு ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாரில்) இப்படி வந்த முதல் கேமரா 2017-இல் சோனி ஏ9. அதன் வாசிப்பு நேரம் சுமார் 1/160 விநாடி. 2021-இல் சோனி ஏ1 சுமார் 1/250-ஐத் தொட்டது. அதே ஆண்டில் வந்த நிக்கான் இசட் 9 அதையும் கொஞ்சம் தாண்டியதால், மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வெளிவந்தது.

4 மில்லி விநாடி சென்சாருக்கு 2000 ஹெர்ட்ஸ் வைத்தால் எட்டு பட்டை கிடைக்கும். 1/8000-இல் பட்டைகள் தெளிவாகவே தெரியும். 5000 ஹெர்ட்ஸுக்குப் போனால் இருபது பட்டை வரும். ஆனால் ஒரு சுற்று 200 மைக்ரோ விநாடிதான் என்பதால் 1/8000-இல் விளிம்பு மங்கிவிடும். 1/32000 போன்ற வேகம் உள்ள கேமராவில் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே கேமராவுக்கு ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்களே, யாரை நம்புவது?

எல்லோரும் சரியாகவே அளந்திருக்கலாம். வாசிப்பு நேரம் கேமராவுக்கு ஒன்று என்று இருப்பதில்லை; முறைக்கு ஒன்று. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

14 பிட் ரா கோப்பிலிருந்து (சென்சார் தந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 12 பிட்டுக்கு இறங்கினால் சில கேமராக்கள் வெகுவாக வேகம் கூடும். காரணம் எளிது. பல சென்சார்களில் ஒவ்வொரு பிக்சலின் மின்னழுத்தத்தையும் ஏறிக்கொண்டே போகும் ஒரு சாய்தளத்தோடு ஒப்பிட்டு எண்ணுகிறார்கள். 14 பிட்டுக்கு 16384 படி எண்ண வேண்டும், 12 பிட்டுக்கு 4096 படி போதும். தொடர் படப்பிடிப்பில் கேமரா தானாகவே 12 பிட்டுக்கு மாறி, அதை எங்கோ கையேட்டின் அடிக்குறிப்பில் மட்டும் சொல்லியிருக்கும்.

வீடியோவில் இன்னும் குழப்பம். 6000-க்கு 4000 சென்சாரில் 16:9 வீடியோ எடுத்தால் 3375 வரிசை போதும். எனவே என் 41.7 மில்லி விநாடி வேறெந்த மாற்றமும் இல்லாமலே 35.2 ஆகிவிடும். நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையில் இன்னும் குறையும். வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் முறையில் மிகவும் குறையும், கூடவே படத்தின் தரமும். ஆகவே எண்ணோடு ஸ்டில்லா வீடியோவா, எத்தனை பிட், எந்த வெட்டு என்பதையும் எழுதி வைக்காத அளவீட்டை நான் மதிப்பதில்லை.

எவ்வளவு இருந்தால் போதும்?

எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 108 கிலோமீட்டரில் போகும் ரயில் விநாடிக்கு 30 மீட்டர் நகர்கிறது. படத்தின் உயரத்தில் பாதியை ரயில் பிடித்திருந்தால், 40 மில்லி விநாடி சென்சாரில் அதன் கூரைக்கும் சக்கரத்துக்கும் இடையே 20 மில்லி விநாடி. அதாவது 60 சென்டிமீட்டர் சாய்வு. நாலு மீட்டர் உயரப் பெட்டியில் இது எட்டு பாகைக்கு மேல், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். 4 மில்லி விநாடி சென்சாரில் 6 சென்டிமீட்டர். யாருக்கும் தெரியாது.

கிரிக்கெட் பந்தில் கணக்கு கொஞ்சம் வேறு. பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது, 140 கிலோமீட்டர் வேகப் பந்து விநாடிக்கு 39 மீட்டர் பறக்கிறது. முழுப் படத்துக்கு ஆகும் நேரம் இங்கே பொருட்டில்லை. பந்து எத்தனை வரிசையை அடைக்கிறது என்பதே கேள்வி. 100 வரிசை என்றால், என் கேமராவில் சுமார் ஒரு மில்லி விநாடி. பந்தின் தலைக்கும் அடிக்கும் 4 சென்டிமீட்டர் வித்தியாசம். பந்தின் குறுக்களவே 7 சென்டிமீட்டர்தான். கோழிமுட்டை போல வரும். இன்னும் நெருக்கமான லென்ஸில் 200 வரிசை அடைத்தால் கோணல் இரட்டிப்பாகும்.

கோயில் கோபுரம், தூங்கும் குழந்தை, சாப்பாட்டுத் தட்டு இவற்றுக்கு எவ்வளவு மெதுவான சென்சாரும் போதும்.

கச்சேரியில் சத்தமில்லாத ஷட்டர்தான் வேண்டும். அங்கே என்ன ஆகும்?

சாய்வைவிட மேடை விளக்குதான் அங்கே எதிரி. ஒரு மார்கழிக் கச்சேரியில் இரண்டு மணி நேரம் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் பாடகரின் முகத்தில் கறுப்புப் பட்டை விழுந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அன்று வயிறு எரிந்தது. மேலே சொன்ன டியூப் லைட் சோதனையேதான் அது, நான் கேட்காமலே நடந்திருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் மினுக்கம் என்றால் 1/100 அல்லது 1/50 வைத்தால் மறைந்துவிடும். மண்டபங்களில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் எல்.இ.டி. திரை இதைவிடப் பல மடங்கு வேகத்தில் மினுங்குகிறது. அதற்கு 1/100 உதவாமல் போகலாம். ஷட்டர் வேகத்தைத் தசமத்தில் நுணுக்கமாக நகர்த்தும் வசதி உள்ள கேமராவில், பட்டை மறையும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே திருகுவதுதான் வழி.

கச்சேரியில் ஒரு வேடிக்கையும் உண்டு. மடியில் கிடக்கும் வீணையைக் கேமராவைப் படுக்கையாகப் பிடித்து எடுத்தால் தந்தி நேராகத் தெரியும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். இப்போது தந்தி எல்லா வரிசைகளையும் குறுக்கே வெட்டுவதால், வேகமான ஷட்டரில் பாம்பு போல நெளியும். 150 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி, 40 மில்லி விநாடி சென்சாரில் ஆறு நெளிவு காட்டும். சுருதி தெரிந்த தந்தியே அளவுகோல் ஆகிவிடுகிறது.

எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதியும் கேமரா வந்துவிட்டதே, அதை வாங்கலாமா?

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 அப்படிப்பட்டது. 24.6 மெகாபிக்சல், 1/80000 வரை ஷட்டர் வேகம், எந்த வேகத்திலும் ஃபிளாஷ். அதில் நம் எல்.இ.டி. சோதனை செய்தால் படம் முழுவதும் பச்சை அல்லது முழுவதும் கறுப்பு. பட்டைக்கு இடமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளியைப் பத்திரமாகச் சேமிக்க ஒரு மூலை ஒதுக்க வேண்டியிருப்பதால், அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250-இல் தொடங்குகிறது. விளையாட்டுப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு அது நல்ல பேரம். கல்யாணம் எடுப்பவர் அந்தப் பணத்தில் இரண்டு லென்ஸ் வாங்கலாம்.

மின்விசிறியை எடுத்துப் பார்த்தால் போதாதா?

வேடிக்கை பார்க்கப் போதும். இறக்கை வளைந்து தெரிவதிலிருந்து எண்ணைப் பிடிப்பது தலைவலி. விசிறியின் வேகமும் மின்னழுத்தத்தோடு மாறும்.

இதே எல்.இ.டி.யை வைத்து மெக்கானிக்கல் ஷட்டரையும் அளக்க முடியுமா?

முடியும். 5000 ஹெர்ட்ஸும் 1/8000-உம் வைத்து எடுங்கள். பதினைந்து இருபது பட்டை மங்கலாக வரும். அவற்றை எண்ணி 0.2-ஆல் பெருக்கினால் சீலை ஓடும் நேரம் மில்லி விநாடியில் கிடைத்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் எல்லாப் பட்டையும் ஒரே தடிமனாக இருக்கும். இங்கே ஒரு விளிம்பில் நெருக்கமாகத் தொடங்கி மறு விளிம்பை நோக்கி அகன்றுகொண்டே போவதைப் பார்க்கலாம்: நின்ற இடத்திலிருந்து கிளம்பிய சீலை, ஓட ஓட வேகம் பிடிக்கிறது.